சிட்டையிலிருந்து கணினிக்கு: வேலூர் வட்டார மண்டிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் ஒரு வழிகாட்டி

வேலூர் மண்டித் தெருவிலோ லாங்கு பஜாரிலோ, குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ மொத்த வியாபாரம் நடத்துகிற ஒருவர், சிட்டையிலும் (அன்றாடக் குறிப்பேடு) பேரேட்டிலும் (ஆள்வாரிக் கணக்குப் புத்தகம்) கணக்கு எழுதி, மாதத்துக்கு ஒருமுறை பில்களைக் கட்டாகக் கட்டி ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். கணினிக்கு மாறுவதென்று முடிவு செய்ததும் அவர் முதலில் கணினியை வாங்குகிறார். அடுத்து யாரோ சொன்ன மென்பொருளை வாங்குகிறார். அதற்குப் பிறகுதான் அதில் எதை ஏற்றுவது என்று யோசிக்கிறார். இந்த வேலையில் வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வரிசையால் வருவதுதான். எங்கள் குடும்பத்து அரிசி, எண்ணெய், பலசரக்கு மண்டியின் கணக்கு முழுவதையும் மாற்றி முடித்த பிறகு, அடுத்து மாறப்போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

கணினிவழித் தகவல் அமைப்பு என்பதில் கருவி, மென்பொருள், தரவு, ஆட்கள், நடைமுறை என்று ஐந்து உறுப்புகள் உள்ளன. முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மற்ற மூன்றையும் நீங்களேதான் உண்டாக்க வேண்டும், அவற்றுக்குத்தான் மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். கீழே உள்ள உதாரணங்கள் மண்டியைச் சார்ந்தவை என்றாலும், தங்கும் விடுதியோ காலணி உதிரிப்பாகம் தைக்கும் பட்டறையோ வைத்திருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

1. தாள் போகும் வழியை முதலில் எழுதுங்கள்

ஆரணியிலிருந்து ஒரு லாரி அரிசி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லோடைப் பின்தொடருங்கள். ஆலையின் பில், லாரி ரசீது, எடைச் சீட்டு, கிடங்கு நோட்டு, சிட்டை, பேரேடு என்று ஒரே எண்ணிக்கை எத்தனை இடங்களில், யார் கையால், எந்த நேரத்தில் எழுதப்படுகிறது என்பதை ஒரு பெரிய தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு விற்பனையையும் ஒரு வசூலையும் இதேபோல் பின்தொடருங்கள். இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும். செலவு எதுவும் இல்லை.

இந்தத் தாளில் மூன்று வகைக் கோளாறுகள் கண்ணில் படும். ஒன்று, தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எழுதுவது. இரண்டு, எங்குமே எழுதாமல் விடுவது: சுவரிலுள்ள தினசரிக் காலண்டர் தாளில் கிறுக்கிய தொலைபேசி ஆர்டர், வசூலுக்குப் போகிறவரின் சட்டைப்பை நோட்டு போன்றவை. மூன்றாவது, கணக்குப்பிள்ளையின் நினைவில் மட்டுமே இருப்பது. எங்கள் மண்டியில் எந்த மெஸ்ஸுக்கு மூட்டைக்கு எவ்வளவு குறைத்துப் போட வேண்டும் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அவரைக் கேட்டால் மட்டுமே தெரியும். அவரை உட்காரவைத்து இவற்றையெல்லாம் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய வேலைக்கு ஆபத்து இல்லை என்பதை முதலாளி தம் வாயாலேயே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பாதிதான் வெளியே வரும்.

வியாபாரத்தில் ஒரு பகுதி பில் இல்லாமல் துண்டுச் சீட்டில் நடக்கிறது என்றால், அதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வெளியேறுவதில் ஒரு பங்கு கணினிக்குத் தெரியாமல் இருந்தால், கிடங்கு இருப்பும் திரையில் தெரியும் இருப்பும் ஒரு நாளும் ஒத்துவராது.

2. எந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மென்பொருள் விற்க வருகிறவர் இருநூறு அறிக்கைகளைக் காட்டுவார். அவற்றில் உங்களுக்கு வேண்டியவை எட்டோ பத்தோதான். அவற்றை நீங்கள் எழுதி வைத்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கல்லாவில் இருப்பவருக்கு அன்றாடம் வேண்டியவை ரொக்க இருப்பும் சரக்கு இருப்பும் இந்த வாடிக்கையாளருக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா என்பதும்தான். முதலாளிக்கு மாதம் ஒருமுறை வேண்டியவை வேறு: எந்தச் சரக்கில் லாபம், எந்த ஊரில் பாக்கி தேங்குகிறது, எந்தச் சரக்கு மூன்று மாதமாக அசையாமல் கிடக்கிறது. அடுத்த கொள்முதலைப் பற்றிய முடிவுகளுக்குச் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

இவற்றோடு சட்டம் கேட்கும் சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கைக்கணக்கில் தவறிப்போகிறவை இவைதான். கொள்முதல் பில்லுக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அதில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி.க்காக உங்கள் வரியில் கழித்துக்கொண்டதை, திருப்ப வேண்டும். அரிசி ஆலை உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும்; கெடு தாண்டிய பாக்கி ஆண்டு முடிவிலும் நின்றால், அந்தச் செலவு அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்கப்படாது. ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவுக்கும் பொதுவாக இதே கதிதான். லாரி வாடகைக்கு மட்டும் வரம்பு முப்பத்தைந்தாயிரம். இந்த எச்சரிக்கைகளை அமைப்பு தானாகத் தருமா என்பது உங்கள் கேள்விப் பட்டியலில் இருக்கட்டும்.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள், ஓ.டி.பி. யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, பான் அட்டை, உத்யம் சான்று, உணவுப் பொருள் விற்பவரானால் உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு விவரம், கடைசியாகத் தணிக்கையான ஐந்தொகை, கடைசி ஓராண்டில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர அறிக்கை), ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் அறிக்கை) நகல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உணவு உரிமத்தின் 14 இலக்க எண் 2022 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பில்லிலும் அச்சாக வேண்டும். அதற்கான இடம் பில் படிவத்தில் உள்ளதா என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் பெரிய கண்ணி ஒன்று உள்ளது. பல கடைகளின் ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவு செய்து கொடுத்தவருடையவை, முதலாளியுடையவை அல்ல. கைக்கணக்கு நடந்தவரை இது உறுத்தாது. கணினியிலிருந்து நேரடியாக மின்வழிச் சீட்டு (சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்) எடுக்கத் தொடங்கும் நாளில், லாரி வாசலில் நிற்க, ஓ.டி.பி. வேறொருவர் கைப்பேசிக்குப் போகும். மின்வழிச் சீட்டுத் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் இரட்டைச் சரிபார்ப்பு (நுழைவுச் சொல்லோடு ஓ.டி.பி.யும் கேட்பது) எல்லோருக்கும் கட்டாயம் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. ஜி.எஸ்.டி. தளத்தில் கையொப்ப அதிகாரம் பெற்றவரின் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுவதற்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டியதில்லை; ஆனால் மாற்றத்தைத் தொடங்கப் பழைய நுழைவுச் சொல் வேண்டும். அதை உங்கள் ஆடிட்டரிடமிருந்து பக்குவமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பெயர்ப் பட்டியலைத் துப்புரவு செய்யுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். இதை அவசரப்பட்டுச் செய்தவர்கள் ஆண்டு முழுவதும் அவதிப்படுவார்கள். இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

பேரேட்டைத் திறந்தால் ஒரே ஆள் பல பெயர்களில் இருப்பார். எங்கள் பேரேட்டில், சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் வங்காளச் சாப்பாடு போடும் மெஸ் ஒன்று, கடுகெண்ணெய்ப் பக்கத்தில் “பெங்காலி மெஸ்” என்றும், அரிசிப் பக்கத்தில் “சுண்ணாம்புக்காரத் தெரு” என்றும், வாராக்கடன் பட்டியலில் வெறுமனே “மாடி மெஸ்” என்றும் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்த மெஸ்ஸின் பாக்கி எவ்வளவு என்பது தெரிந்தது. ஆகவே முதலில் ஒரு எக்செல் தாளில் ஆளுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். சட்டப்படியான பெயர், கடையில் நீங்கள் அழைக்கும் பெயர், தொலைபேசி, ஜி.எஸ்.டி. எண், முகவரி, கடன் வரம்பு, கெடு நாள் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கட்டும். அழைக்கும் பெயரை விட்டுவிடாதீர்கள். கல்லாவில் இருப்பவர் தேடப்போவது அதைத்தான்.

ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்தும் பான் எண். தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37, கர்நாடகத்துக்கு 29. நம் ஊருக்கு இது முக்கியம். சித்தூர் மிக அருகில் இருப்பதால் அங்கிருந்து வரும் வாடிக்கையாளர்களும் பேரேட்டில் நம் ஊர்க்காரர்களைப்போலவே எழுதப்பட்டிருப்பார்கள். காட்பாடிக்குப் போகும் சரக்குக்கு மத்திய வரி பாதி, மாநில வரி பாதி; சித்தூருக்குப் போனால் ஒருங்கிணைந்த வரி. வரியுள்ள சரக்குக்கு மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டிய மதிப்பும் மாறும்: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாநில எல்லை தாண்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேல். வாடிக்கையாளர் பதிவில் மாநிலம் தவறாக இருந்தால் மென்பொருள் தவறான வரியைத்தான் போடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

முகவரியிலும் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய ஏடுகளில் “வ.ஆ. மாவட்டம்” (வட ஆற்காடு) என்றே எழுதியிருப்பார்கள். ஆரணி, போளூர், செய்யாறு 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019 நவம்பரில் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் “வேலூர் மாவட்டம்” என்றே சொல்கிறார்கள். மாவட்டவாரியாகப் பாக்கி பார்க்க நினைப்பவர்கள், வாய்மொழியை நம்பாமல் வட்டத்தின் பெயரைக் கேட்டு மாவட்டத்தை நிரப்ப வேண்டும்.

சரக்குப் பட்டியலில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே ரகப் பொன்னி அரிசி 25 கிலோ சிப்பத்திலும் வரும், 26 கிலோ சிப்பத்திலும் வரும். முன்கூட்டியே பையிலிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி என்பது 2022 ஜூலை 18-இல் வந்தது. அதற்கு மேற்பட்ட பைக்கு வரி இல்லை. ஆகவே கடையில் இரண்டையும் “சிப்பம்” என்றே சொன்னாலும் கணினியில் அவை இரு வேறு சரக்குகள். வரி இல்லாத சரக்குக்குக் கொடுக்க வேண்டிய ஆவணமும் வரி விலைப்பட்டியல் அல்ல. வரி காட்டாத வழங்கல் பில். மூட்டை, சிப்பம், கிலோ, குவிண்டால், டின், லிட்டர் என்ற அளவுகளுக்குள் எது எதற்கு எத்தனை என்பதையும் சரக்குவாரியாக எழுதுங்கள். மூட்டை என்ற சொல் எல்லாச் சரக்குக்கும் ஒரே எடையைக் குறிப்பதில்லை.

வரி விகிதத்தைச் சரக்கோடு மட்டும் கட்டாமல் அமலுக்கு வந்த தேதியோடும் கட்டும் மென்பொருள் வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. குளியல் சோப்புக்கு 18 சதவீதம் 5 ஆனது. அந்தத் தேதிக்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) போட வேண்டும். விகிதத்தைச் சரக்குப் பதிவில் நேராக அழித்து மாற்றியவர்களுக்கு இது பெரிய தலைவலியானது.

கடைசியாக, எழுத்துரு. ஏற்கனவே யாராவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால், அதை அப்படியே ஏற்றாதீர்கள். புதிய மென்பொருளில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதைக் கண்ணால் சரிபார்த்த பிறகே ஏற்றுங்கள்.

தட்டச்சுக்கு வெளியாளை அமர்த்தலாம். சரிபார்ப்புக்கு அமர்த்தக் கூடாது. கணக்குப்பிள்ளையும் வசூலுக்குப் போகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தாக வேண்டும்.

5. இப்போது மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கடைக் கணினியிலேயே இயங்கும் மென்பொருள் ஒரு வகை. இணையத்தில் இயங்கி மாதச் சந்தா கேட்பது இன்னொரு வகை. இணையம் அடிக்கடி அறுந்துபோகும் தெருவில் உள்ள, ஒரே இடத்தில் நடக்கும் மண்டிக்கு முதல் வகையே போதும் என்பது என் கருத்து. கடை ஓரிடத்திலும் கிடங்கு சத்துவாச்சாரியிலும் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள். அனுமதியற்ற நகல் மென்பொருளை யாராவது குறைந்த விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள். தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

எந்த மென்பொருளானாலும் மாற்றங்களின் சுவடு அதில் பதிவாக வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவைக்க முடியாத திருத்தச் சுவடு கட்டாயம் என்பது பலருக்குத் தெரியும். தனியுரிமையாளருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் அது பொருந்தாது என்று நினைத்துவிடாதீர்கள். மின்னணு முறையில் கணக்கு வைக்கும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற எவரும் திருத்திய, நீக்கிய பதிவுகளின் குறிப்பைக் காக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 56-ஆம் விதி சொல்கிறது. எங்கள் கணக்குப்பிள்ளை முதல் நாளே கேட்ட கேள்வியும் இதுதான்: “தம்பி, தப்பாப் போட்டுட்டா அழிச்சி எழுத முடியுமா?” முடியாது என்பதே சரியான விடை, எதிர்ப்பதிவு (தவறான பதிவை ரத்தாக்கும் எதிர்ப்பக்கப் பதிவு) போட்டுத்தான் திருத்த வேண்டும்.

மின் விலைப்பட்டியல் வரம்பையும் பாருங்கள். 2017-18 முதல் எந்த ஓர் ஆண்டிலாவது மொத்த விற்பனை ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல், பதிவு பெற்ற வணிகருக்குப் போடும் வரி பில்களை அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். “எங்கள் விற்பனையில் முக்கால்வாசி வரியில்லாத அரிசிதானே” என்பது இங்கே செல்லாது. மொத்த விற்பனையைக் கணக்கிடும்போது வரிவிலக்குச் சரக்கும் சேரும்.

பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், எழுத்து, இலக்கம், இடைக்கோடு, சாய்கோடு மட்டுமே கொண்டதாக இருக்க வேண்டும். பரம்பரையாகப் போட்டுவரும் நீளமான எண்முறை இதற்குள் அடங்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

விற்பனையாளரின் மாதிரித் தரவை வைத்துக் காட்டும் செய்முறையைக் கண்டு மயங்காதீர்கள். உங்கள் பட்டியலிலிருந்து முப்பது சரக்கு, இருபது வாடிக்கையாளர், ஒரு நாள் சிட்டை ஆகியவற்றைக் கொடுத்து, இரண்டாம் படியில் எழுதிய கேள்விகளுக்கு விடை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் முதலில் பேசிய ஒரு விற்பனையாளர், மூட்டையில் வாங்கிக் கிலோவில் விற்கும் கணக்கைக் கேட்டவுடன், “அதைத் தனியாக எழுதித் தருகிறோம்” என்றார். தனியாக எழுதித் தருவது என்றால் தனிச் செலவு. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி செலவு.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை: உரிமம் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். நிர்வாகி நுழைவுச் சொல் உங்களிடம் இருக்க வேண்டும். கேட்கும்போது எல்லாத் தரவையும் எக்செல் வடிவில் தர வேண்டும். ஆண்டுப் பராமரிப்பில் எத்தனை முறை நேரில் வருவார்கள், வரிச் சட்டம் மாறும்போது புதுப்பிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது தெளிவாக இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காமல், முதல் மாதத் தாக்கல் சரியாக முடிந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

6. கருவி, மின்சாரம், செலவு

இது எளிதான படி. ஒரு மேசைக் கணினி, யு.பி.எஸ்., அச்சுப்பொறி, இரண்டு வெளி வன்தட்டுகள் ஆகியவற்றுக்கு எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; அதனால் விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன, கணக்கு வைக்க அவற்றை வாங்க வேண்டாம். பில்லுக்கு மூன்று படி வேண்டியிருப்பதால் கார்பன் தாளில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியே மண்டிக்கு இன்னும் தோது.

அரிசித் தூசும் வேலூர் வெயிலும் கருவிக்கு ஆகாதவை. எடை மேடையிலிருந்து தள்ளி வையுங்கள், விசிறித் துளைகளை மாதம் ஒருமுறை துடையுங்கள், யு.பி.எஸ். பேட்டரி வெப்பத்தில் சீக்கிரம் இறங்கும் என்பதால் மாற்றுச் செலவைக் கணக்கில் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை முதல் பிற்பகல் வரை நீளும், யு.பி.எஸ். அதைத் தாங்காது. அந்த நாளுக்கென்று எண்ணிட்ட கைப்பில் புத்தகம் ஒன்றைத் தனி வரிசை எண்ணுடன் வைத்திருந்து, மின்சாரம் வந்ததும் அன்றே ஏற்றிவிடுங்கள்.

கணினிக்குக் கட்டிய 18 சதவீத வரியை முழுவதுமாக வரவு எடுத்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். வரியுள்ள சரக்கும் வரியில்லாத சரக்கும் சேர்த்து விற்கும் மண்டிக்கு விற்பனை விகிதப்படி ஒரு பங்குதான் கிடைக்கும்; மீதியைச் செலவாகவே கருதுங்கள். வருமான வரியில் கணினிக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி.

7. தொடக்க நாளும் தொடக்க இருப்பும்

ஏப்ரல் 1 தான் உகந்த நாள். அதை நோக்கிப் பின்னாலிருந்து கணக்கிட்டால், தாள் வழி எழுதும் வேலையை நவம்பரில், தீபாவளி முடிந்ததும் தொடங்க வேண்டும். பெயர்ப் பட்டியலை டிசம்பரிலும் ஜனவரியிலும் முடித்து, பிப்ரவரியில் மென்பொருளைத் தேர்ந்து, மார்ச்சில் பழக வேண்டும். பொங்கல் வாரத்தில் எந்த மண்டியிலும் வேறு வேலை நடக்காது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலைத் தவறவிட்டவர்கள் ஏதாவது ஒரு மாதத்தின் முதல் நாளில் தொடங்கலாம். மாத நடுவில் தொடங்கினால் அந்த மாதத் தாக்கலை இரண்டு இடங்களிலிருந்து ஒட்டவைக்க வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளர் பாக்கியை ஒரே தொகையாக ஏற்றுவதுதான் பலரும் செய்வது. அது வேண்டாம். பில்வாரியாக, தேதியோடு ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றினால் எல்லாப் பாக்கியும் ஏப்ரல் 1-இல் பிறந்ததுபோல் ஆகி, எது ஆறு மாதப் பழசு, எது நேற்றையது என்று தெரியாமல் போகும். மார்ச் கடைசி வாரத்தில் முக்கிய வாடிக்கையாளர்களுக்கு நிலுவை உறுதிக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அப்போது சில சச்சரவுகள் வரும். இரண்டு ஆண்டு கழித்து வருவதைவிட இப்போதே வருவது நல்லது.

சரக்கு இருப்பை மார்ச் 31 இரவு கடை சாத்திய பிறகு எண்ணுங்கள். எண்ணுகிறவர் கையில் பழைய இருப்புக் கணக்கு இருக்கக் கூடாது. இருந்தால் எண்ணாமலே அதைப் பார்த்து எழுதிவிடுவார். ஒரு அடுக்கை ஒருவர் எண்ண, இன்னொருவர் சரிபார்த்துச் சாக்கின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடட்டும். கிழிந்த மூட்டை, வண்டு பிடித்தது, ஆலைக்குத் திருப்ப வைத்தது ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள்.

8. யாருக்கு என்ன அதிகாரம்

ஆளுக்கு ஒரு பயனர் பெயர், ஆளுக்கு ஒரு நுழைவுச் சொல். கல்லாவில் பொதுவாக ஒன்று வைத்துத் திரையோரம் ஒட்டிவிட்டால், திருத்தச் சுவட்டில் எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில் வந்து, யார் செய்தது என்பது தெரியாது. பில் போடுகிறவருக்கு விலையை மாற்றும் உரிமை வேண்டாம். ரொக்கம் வாங்குகிறவருக்குப் பாக்கியைத் தள்ளுபடி செய்யும் உரிமை வேண்டாம். கிடங்கில் இருப்பவருக்குக் கொள்முதல் விலை தெரிய வேண்டியதில்லை. ஆடிட்டருக்குப் பார்க்க மட்டும் உரிமை கொடுங்கள். வேலையிலிருந்து ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய பெயரை முடக்குங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியைப் பழுது பார்ப்பதற்காக நிறுவினால், வேலை முடிந்ததும் மூடுங்கள். பணம் பறிபோயிற்று என்று தெரிந்தால் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள்.

9. இரட்டைக் கணக்குக் காலம்

முதல் இரண்டு மாதம் பேரேடும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும். ஆட்கள் முணுமுணுப்பார்கள், மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், அதற்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் கடை சாத்துமுன் ரொக்கத்தை மூன்று வழியில் ஒப்பிடுங்கள்: கல்லாவில் எண்ணியது, சிட்டை சொல்வது, திரை சொல்வது. வாரம் ஒருமுறை ஐந்து சரக்கைத் தேர்ந்து கிடங்கில் எண்ணுங்கள்.

வித்தியாசம் வந்தால் கணினியைத் திருத்திச் சமன் செய்யாமல் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது எண்ணெயை டின்னில் பதிவதா லிட்டரில் பதிவதா என்ற குழப்பமாகவோ, இரண்டு முறை ஏற்றிய வசூலாகவோ இருக்கும். ஏப்ரல் மாதத்தின் ஜிஎஸ்டிஆர்-1-ஐ மே 11-க்குள்ளும், 3பி-ஐ 20-க்குள்ளும் தாக்கல் செய்யும்போது, ஆடிட்டர் பழைய முறையிலும் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். இரண்டு மாதத் தாக்கலும் ஒத்து வந்த பிறகே பேரேடு எழுதுவதை நிறுத்துங்கள். ஆனால் அப்போது கண்டிப்பாக நிறுத்துங்கள். தைரியம் போதாமல் ஆண்டுக்கணக்கில் இரண்டையும் இழுத்துக்கொண்டிருக்கும் கடைகளில் இரண்டுமே அரைகுறையாகக் கிடக்கின்றன.

10. காப்புப் பிரதியும் பழைய ஏடுகளும்

தினமும் கடை சாத்தும்போது ஒரு வன்தட்டில் பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். கணினியிலேயே செருகிக் கிடக்கும் வன்தட்டு, பணம் கேட்டுப் பூட்டும் வைரஸ் வந்தால் அதோடு சேர்ந்து பூட்டப்படும். இரண்டாவது வன்தட்டு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போக வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தாழ்வான இடங்களில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். 2023-24-க்குரிய கெடு 2024 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டின் ஏடுகளும் பில்களும் 2030 டிசம்பர் இறுதிவரை இருக்க வேண்டும். வழக்கு அல்லது மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் காக்க வேண்டும். பேரேடுகளின் முதுகில் ஆண்டையும் அழிக்கலாகும் தேதியையும் எழுதி அடுக்குங்கள். அதற்குமுன் யாரும் பழைய தாள் கடைக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.